முகத்துவாரம் வெட்டப் போன ஒன்பது பேர்

அன்று காலையில் அம்பிளாந்துறைத் தோணித்துறையில் நின்றவர்களைச் சொல்கிறேன்.

வட்டைவிதானை. வட்டை என்றால் வயல்வெளி. எங்கள் வட்டைக்கு அவர்தான் பொறுப்பு. விதைப்பு எப்போது, மாட்டை எப்போது வெளியே விடுவது, தண்ணீர் யாருக்கு முதல் என்று சொல்கிறவர். அறுபது தாண்டியவர்.

அவருடைய மச்சான். ஷெல் விழுந்ததில் ஒரு கால் இழுத்து நடப்பவர்.

பூசாரியார்.

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர். பள்ளிக்கூடம் அப்போது பூட்டிக் கிடந்தது.

அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். இரண்டு பேருடைய புருஷன்மாரும் ஆமியின் ஒரே சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவர்கள்.

மூன்று பிள்ளைக்காரி ஒருத்தி. புருஷன் தடுப்புக் காவலில்.

என் மாமி. என் புருஷனைப் பெற்றவர்.

நான்.

வாலிபர் ஒருவரும் இல்லை. வாலிபன் மண்வெட்டியோடு சென்றிக்கு, ஆமியின் காவலரணுக்குப் போனால் மண் வெட்டப் போகிறான் என்று ஆமிக்காரர்கள் நினைக்கமாட்டார்கள். ஆனபடியால் கிழவர்களும் பெண்களும் போனோம். ஆளுக்கு ஒரு மண்வெட்டி.

எங்கள் ஊர் பழுகாமத்துக்கு அங்கால். வாவிக்கு மேற்குக் கரை, படுவான்கரை. கிழக்குக் கரை எழுவான்கரை. பெரிய ரோட்டு, பஸ், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி எல்லாம் அந்தப் பக்கம். ஆமியும் அந்தப் பக்கம். எங்கள் பக்கம் பொடியள், இயக்கக்காரர். நடுவில் வாவி. கடப்பதற்குப் பாஸ் வேண்டும்.

சாமான் கடக்கவும் கணக்கு இருந்தது. சவுக்காரம் இத்தனை கட்டி, மண்ணெண்ணெய் இத்தனை போத்தல். பற்றரி கூடாது. சீமெந்து கூடாது. யூரியா கூடவே கூடாது. அதில் குண்டு செய்வார்களாம். எங்களுக்கு அது நெல்லுக்குப் போடுகிற உரம். உரம் காணாத நெல் மஞ்சளாக நிற்கும். கதிர் வரும், நசுக்கிப் பார்த்தால் பால் இருக்காது. பற்றரி இல்லாததால் ரேடியோவைச் சைக்கிள் டைனமோவில் பூட்டிக் கேட்டோம். ஒருவர் மிதிப்பார், மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும்.

நெல்லை அக்கரைக்குக் கொண்டுபோகவும் பாஸ். ஒரு போகம் நல்ல விளைச்சல். அந்த நேரம் பார்த்துத் துறையை மூடினார்கள். எங்கள் பக்கம் நெல்லை வாங்க ஆளில்லை. அக்கரையில் அரிசி விலை ஏறி, சனம் மாவைத் தின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தோணி ஓடுகிற தூரம்தான். எங்கள் நெல்லில் பாதி வீட்டுக்குள்ளேயே அந்துப்பூச்சியாய்ப் பறந்து போனது. அடுத்த போகம் உரம் இல்லாமல் பதராகப் போனது.

வட்டைக் கூட்டம் வைப்பதென்றாலும் பொடியளிடம் சொல்ல வேண்டும். கச்சேரி உத்தியோகத்தர் கூட்டத்துக்கு வருவதென்றால் அவர் ஆமியிடம் கேட்க வேண்டும். முந்தி அந்தக் கூட்டத்தில் வரம்புச் சண்டை பேசியே பொழுது படும். அந்த வருடங்களில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். யார் யாருடைய ஆள் என்று தெரியாது. விதைப்புத் திகதியை விதானை சொல்வார். சரி என்று எழும்பிப் போவோம்.

என் புருஷனுக்கு அடையாள அட்டை இல்லை. ஒரு சுற்றிவளைப்பில் வாங்கினார்கள், திருப்பித் தரவில்லை. புது அட்டை எடுக்க அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரைக்குப் போக அட்டை வேண்டும். அதன் பிறகு அவர் வாவியைக் கடக்கவில்லை.

அந்த மாரிக்கு முன் ஒரு ஏஜென்சிக்காரர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். குவைத்தில் வீட்டு வேலை. இரண்டு வருடம். பாஸ்போட், டிக்கெட் எல்லாம் தங்கள் பொறுப்பு என்றார். அப்படி எங்கள் ஒழுங்கையிலிருந்து முன்னமே பெண்கள் போயிருந்தார்கள். ஒருத்தி வரவில்லை. பெட்டி வந்தது. ஏஜென்சிக்காரர் என்னைப் பார்த்து, நல்ல உடம்பு, உங்களை உடனே எடுப்பார்கள் என்றார். மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். இளையவன் என் மடியில் இருந்தான். பால் மறக்கவில்லை.

நான் புருஷனிடம் சொன்னேன். வெள்ளாமை வெட்டி முடியட்டும். வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் வந்தால் போகமாட்டேன். வராவிட்டால் போகிறேன்.  எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு மூடை நெல் வேண்டும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளாமை அந்த முறை நன்றாக வந்தது. உரம் இல்லை, ஆனாலும் பச்சை பிடித்தது. கதிர் உள்ளே திரளுகிற குடலைப் பருவத்துக்கு வருகிற நேரம் மழை பிடித்தது. நிற்காத மழை. மலைப் பக்கத்துத் தண்ணீரும் வந்து சேர்ந்தது. வாவி ஏறி வயலுக்குள் வந்தது. முதல் நாள் வரம்பு தெரிந்தது. பிறகு வரம்பில் நட்ட கம்பு தெரிந்தது. பிறகு பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது. நுனியும் மூடினால் ஒரு கிழமை தாங்கும். அதற்குப் பிறகு அழுகும்.

வாவித் தண்ணீர் கடலுக்குப் போகிற இடம் முகத்துவாரம். வெயில் காலத்தில் கடல் மண்ணைத் தள்ளி அதை மூடிவிடும். மாரியில் வாவி நிரம்பினால் சனம் போய் மண்ணை வெட்டித் திறந்துவிடும். வாய்க்கால் அகலத்துக்கு வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீர் தானே வெட்டிக்கொள்ளும். ஆனால் வாய் அகலும் மட்டும் ஆள் நிற்க வேண்டும். அலை மண்ணைக் கொண்டுவந்து போடும். அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வெட்டியது வெட்டாததாகிவிடும்.

முந்தி இதற்கு ஊர் ஊராகப் போவார்கள். யாரிடமும் கேட்பதில்லை. இப்போது முகத்துவாரத்தில் ஆமிக் காம்ப் இருந்தது. மண்மேட்டில் கால் வைத்தாலே சுடுவார்கள்.

விதானை கச்சேரிக்குப் போனார். கச்சேரியில் ஓம் என்றார்கள், ஆனால் காம்பில் கேட்க வேண்டும் என்றார்கள். காம்பில் கச்சேரிக் கடிதம் கேட்டார்கள். கடிதத்தோடு போனால் பெரியவர் லீவு. பெரியவர் வந்தபோது பயிரின் நுனி மூடி மூன்று நாள். ஒரு நாள் தந்தார்கள். ஒன்பது பேர். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை.

அதுதான் அந்தக் காலை.

தோணியில் ஏறினோம். விதானை வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தார். மாமி அவரைப் பார்த்தார்.

"வேட்டிய மடிச்சுக் கட்டுங்க அண்ணன். கோயிலுக்குப் போறாரெண்டு ஆமிக்காரன் நினைக்கப்போறான்."

"நினைக்கட்டும் கா. கோயிலுக்கெண்டாலும் விடுவான். வயலுக்கெண்டா விடமாட்டான்."

சிரித்தோம். தோணிக்காரரும் சிரித்தார்.

குருக்கள்மடத்துத் துறையில் சென்றி. அங்கே மண்வெட்டிகளை நிலத்தில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். ஒரு ஆமிக்காரன் வெள்ளைப் பெயின்ற் டப்பாவோடு வந்து ஒவ்வொரு பிடியிலும் இலக்கம் எழுதினான். விதானையுடையது ஒன்று. என்னுடையது ஒன்பது. அட்டையைப் பார்த்து ஒரு கடதாசியில் பெயரும் இலக்கமும் பதிந்தான். இன்னொருவனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அவன் விரலைக் காட்டிச் சொன்னான்.

"ஒன்பது போற. ஒன்பது வாற. சரியா?"

சரி என்றோம்.

பஸ்ஸில் போனோம். பெயின்ற் காயவில்லை, மாமியின் சேலையில் பட்டது. களுதாவளையில் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றபோது பூசாரியார் இறங்கி ஓடி ஒரு தேங்காயும் வெற்றிலையும் வாங்கி வந்தார்.

முகத்துவாரத்தில் காற்று அடித்தது. வாடைக்காற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மண்மேடு. மேட்டில் ஏறி நின்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வாவி உயரத்தில் கிடந்தது. கடல் பள்ளத்தில் கிடந்தது. இந்த மண் மட்டும்தான் தடை. எங்கள் வயல் முழுதும் இந்த மண்ணுக்குப் பின்னால் நிற்கிறது என்று நினைத்தேன்.

கரையில் வீச்சுவலையோடு ஒரு மீன்காரர் நின்றார். எங்களைக் கண்டதும் துப்பினார். முகத்துவாரத்தை வெட்டினால் வாவி இறால் கடலுக்குப் போய்விடும். அவர்களுக்கு அது நட்டம்.

"உங்கட வயல் காஞ்சா எங்கட அடுப்பும் காயும்" என்றார். "நாங்க ஆரிட்டப் போய் அழுற?"

மாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ராவையில வலை போட விடுறானா உங்கள?"

"இல்ல."

"லாம்பு கொளுத்த விடுறானா?"

"இல்ல."

"மறுகா ஆருக்கு இறால் வளக்கிறீங்க? காம்புக்கா?"

மீன்காரர் வலையைத் தோளில் போட்டார். பிறகு கிட்ட வந்து, "இஞ்ச வெட்டாதீங்க, அடியில களி. அங்கால வெட்டுங்க" என்று இடம் காட்டினார். அவரும் இறங்கி வெட்ட வந்தார். சென்றியிலிருந்து விசில் ஊதினார்கள். ஒன்பது பேர் மட்டும். அவர் கரையில் குந்திக்கொண்டு, இப்படி வெட்டு, அப்படி வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பூசாரியார் தேங்காய் உடைத்தார். விதானை முதல் வெட்டு வெட்டினார். பிறகு எல்லோரும் இறங்கினோம். கடல் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வாவிப் பக்கம் வருவது முறை. கடைசியில் வாவிப் பக்கம் ஒரு கட்டு மண்ணை விட்டு வைப்பது. வாய்க்கால் முழுதும் ஆழமான பிறகுதான் அந்தக் கட்டை உடைப்பது. முந்தி அதை ஆம்பிளைகள் செய்வார்கள், நாங்கள் பொங்கிக் கொடுப்போம். அன்று அக்காவும் தங்கையும் இரண்டு ஆம்பிளை வேலை செய்தார்கள். மச்சான்காரர் ஏலாத காலை மடித்து, முழங்காலில் நின்று வெட்டினார். நான் எதையும் பார்க்கவில்லை. வெட்டினேன், இழுத்தேன், வெட்டினேன். பால் கட்டி நெஞ்சு நொந்தது. சட்டை நனைந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு மணி போல வாய்க்கால் முடிந்தது. கட்டை உடைப்பது விதானையின் வேலை. முதல் வெட்டும் கடைசி வெட்டும் அவருடையது. எல்லோரும் மேலே ஏறி நின்றோம். அவர் மூன்று வெட்டு வெட்டினார். நாலாவது வெட்டுக்கு மண் தானே சரிந்தது. வாவித் தண்ணீர் செம்மண் நிறத்தில் உள்ளே பாய்ந்தது. அவர் ஒரு பக்கம் தாவி ஏறினார். தண்ணீர் இரண்டு பக்கக் கரையையும் அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். எல்லோரும் அரோகரா என்றோம். மூன்று பிள்ளைக்காரி அழுதாள்.

எங்கள் வட்டையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முகத்துவாரம் உடைந்ததும் விதானை தன் மண்வெட்டியைத் தண்ணீருக்குள் எறிவார். கடலுக்குக் கொடுப்பது. கொடுத்தால் கடல் வாயை மூடாது என்பது எண்ணம். அவருடைய தகப்பனும் விதானை. அவரும் எறிந்தவர்.

இவரும் எறிந்தார். அரோகரா என்று சொன்ன வாயோடு கையைத் தூக்கி எறிந்தார். மண்வெட்டி ஒரு தரம் உருண்டு, பிடி மேலே தெரிந்து, பிறகு போய்விட்டது.

எறிந்த கை கீழே இறங்கவில்லை. அப்படியே நின்றார்.

"அண்ணன்" என்றார் மாமி. 

"பழக்கத்தில எறிஞ்சிட்டன் கா" என்றார்.

பூசாரியார் குதித்தார். தண்ணீர் அவரைக் கடல் மட்டும் கொண்டுபோய்விட்டது. மீன்காரர் வலையை எறிந்துதான் அவரைப் பிடித்து இழுத்தார். மண்வெட்டி கிடைக்கவில்லை. மீன்காரர் தன் வீட்டு மண்வெட்டியைத் தரட்டுமா என்று கேட்டார். பிடியில் இலக்கம் இல்லையே. வெள்ளைப் பெயின்ற் எங்கே வாங்குவது. தங்கைக்காரி, உடைந்து போனது என்று சொல்வோம் என்றாள். உடைந்தால் உடைந்தது எங்கே என்பார்கள்.

மிச்ச நேரம் வாயை அகலமாக்கினோம். எட்டு மண்வெட்டி. விதானை கையால் மண் அள்ளினார். நேரம் போகப் போகக் காற்றுக் கூடியது. கடல் மட்டமும் ஏறியது. அலை ஒவ்வொன்றும் ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து வாயில் வைத்துவிட்டுப் போனது. நாங்கள் இழுக்க இழுக்க வைத்தது. இழுத்தால் வாய் நிற்கும் என்று தெரிந்தது. அன்று பின்னேரமும் அடுத்த நாளும் இழுத்தால் போதும்.

மூன்று மணிக்கு விசில் ஊதினார்கள். மீன்காரரை எழுப்பித் துரத்தினார்கள். எங்களைச் சென்றிக்குக் கூப்பிட்டார்கள். மண்வெட்டிகளைத் தகரப் பீப்பாயில் சாய்த்து வைக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். திருப்பி எண்ணினார்கள்.

இங்கேயும் தமிழ் தெரிந்த ஒருவன் இருந்தான்.

"ஒண்டு எங்க?"

"கடலுக்குக் குடுத்த" என்றார் விதானை.

"கடலுக்கு?"

"ஓம்."

"கடல் மண்வெட்டி என்ன செய்ற?"

அவன் மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். பெரியவர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. ஏதோ கேட்டார். தமிழ் தெரிந்தவன், ஆரிட்டக் குடுத்த, காட்டுக்கு அனுப்பினதா, பங்கர் வெட்டவா என்று கேட்டான். மாமி எங்கள் வழக்கத்தைச் சொன்னார். பூசாரியார் சொன்னார். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே கதை சொன்னோம். ஒரே கதை சொன்னதால் இன்னும் சந்தேகம் வந்தது. முன்னமே பேசி வைத்தது என்றார்கள்.

கடைசியில் பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி வரை தேடிக்கொண்டு வா என்றார்.

எட்டு மண்வெட்டியையும் தாருங்கள், தோண்டித்தான் தேட வேண்டும் என்று விதானை கேட்டார். முடியாது என்றார்கள். எண்ணிய சாமான், வெளியே போகாது.

வெறும் கையோடு இறங்கினோம். போன நேரம் முழங்கால் மட்டும் ஓடிய தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. வாயில் மண் குவிந்துகொண்டிருந்தது. எங்கள் மண்வெட்டிகள் பீப்பாயில் சாய்ந்து நிற்பது இங்கிருந்து தெரிந்தது. கல்லெறி தூரம். எட்டும் வரிசையாக நின்றன.

மாமி என் காதோடு சொன்னார். "தேடுற மாதிரி அள்ளு புள்ள. கையால அள்ளு."

அள்ளினோம். ஒன்பது பேரும் குனிந்து, மண்வெட்டியைத் தேடுவது போல, மண்ணை அள்ளி அள்ளிப் பின்னால் விட்டோம். அக்காக்காரி உடைத்த தேங்காய்ச் சிரட்டையால் அள்ளினாள். சென்றியில் நின்றவன் பார்த்துக்கொண்டிருந்தான். அலை வரும். அள்ளிய பள்ளம் நிறைந்துவிடும். நகக்கண்ணெல்லாம் கிழிந்தது. நான் மடியில் அள்ளினேன். சேலைத் தலைப்பில் அள்ளினேன். மண் நனைந்தால் என்ன பாரம் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு வேறு நினைவில்லை. இந்தக் கை அள்ளுகிற மண்ணுக்கு அங்கே பயிரின் நுனி தெரியும், இந்தக் கை நின்றால் நான் குவைத்துக்குப் போவேன், இதுதான்.

விசில் ஊதினார்கள்.

எட்டு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு எட்டுப் பேரைப் போகச் சொன்னார்கள். ஒன்றாம் இலக்கம் யாருடையது என்று கடதாசியில் பார்த்தார்கள். விதானையின் கையைப் பிடித்தார்கள். மாமி ரோட்டில் குந்திவிட்டார். அண்ணனை விட்டால்தான் எழும்புவேன் என்றார். ஒருவன் துவக்கின் பின்பக்கத்தைத் தூக்கினான். விதானைதான் மாமியை எழும்பச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள, நாளைக்கு ஆரையாவது அனுப்பச் சொல்லு. என்னைப் பாக்க வேணாம். வாயைப் பாக்க அனுப்பு. மூடுது."

வேட்டியில் மண் காய்ந்திருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள்.

குருக்கள்மடத்தில் மண்வெட்டியை எண்ணி, கடதாசியில் ஏதோ எழுதி, எங்களை விட்டார்கள்.  தோணிக்காரர் ஆளை எண்ணிப் பார்த்தார். 

என் புருஷன் வயலில் நின்றார். இடுப்பளவு தண்ணீர். ஒரு கம்பில் கோடு கீறி நட்டு வைத்திருந்தார். நாங்கள் வெட்டிய நேரத்திலிருந்து நாலு விரல் இறங்கியிருக்கிறது என்று காட்டினார். முகம் தெளிந்திருந்தது.

"நல்லா வெட்டினீங்களா?"

"வெட்டின."

"மறுகா என்ன?"

"மூடுது" என்றேன்.

அவர் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவன் அழுகிற சத்தம் கேட்டது. நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் பூசாரியாரும் மணி அடிக்கிறவரும் துறைக்குப் போனார்கள். மண்வெட்டி கடக்கக் கூடாது என்று புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். எங்களால் வந்த சட்டம். ஆளாகப் போகலாம், பாஸ் இருந்தால். பாஸ் ஒருவருக்கும் தரவில்லை. விதானையின் மனைவி மட்டும் எப்படியோ கடந்து காம்புக்குப் போனார். அவர் இங்கே இல்லை, வேறு காம்புக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அந்தக் காம்பில் இங்கே வரவில்லை என்றார்கள். திரும்பி வரும்போது முகத்துவாரத்தைப் பார்த்து வந்தார். புருஷனைப் பார்க்கப் போனவர் அதையும் பார்த்து வந்து எங்களுக்குச் சொன்னார். மூடிவிட்டது. மேலே நண்டு ஓடுகிறது.

அந்தக் கிழமைக்குள் பொடியளும் வந்தார்கள். யாரைக் கேட்டு ஆமியிடம் போனீர்கள் என்று விசாரணை. மச்சான்காரரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் வைத்திருந்தார்கள். மாமியையும் கேட்டார்கள். கேட்டவனுக்கு மீசை முளைக்கவில்லை. மாமி அவனுக்குப் பதில் சொன்னார்.

"வேற ஆரிட்டக் கேக்கிற மனே? முகத்துவாரம் உங்கட கையிலயா கிடக்கு?"

அவன் எழும்பிப் போனான். எங்களுக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

மழை விட்டது. வாவி தன் பாட்டில், மெல்ல மெல்ல இறங்கியது. பள்ள வயல் முழுதும் அழுகிவிட்டது. பயிரைப் பிடித்து இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வந்தது. ஊரெல்லாம் அந்த நாற்றம். சோறு உண்ணும்போதும் அதுதான். வரம்போரமாக, மேட்டுப் பக்கமாக, ஒரு துண்டு தப்பியது. அதுவும் பாதி மஞ்சள். வெட்டுகிற காலத்தில் அதை வெட்டினோம். சூடு என்கிற கதிர்ப்போர் வைக்கிற அளவுக்குக் கதிர் இல்லை. படங்கு விரிப்பில் போட்டு, நானும் மாமியும் காலால் உழக்கி எடுத்தோம்.

பொடியள் தங்கள் பங்குக்கு வந்தார்கள். அழிந்த வயலுக்கு விலக்கு உண்டா என்று கேட்டோம். வெட்டிய நெல்லுக்குத்தான் பங்கு, அழிந்ததற்கு இல்லை என்றார்கள். அளந்து எடுத்தார்கள். வட்டைவிதானைக்கு ஒவ்வொரு வீடும் ஒரு பங்கு நெல் கொடுப்பது முறை. அவர் வருடம் முழுக்கப் பார்த்த வேலைக்குக் கூலி. அந்த முறை கொடுப்பதா விடுவதா என்று எங்கள் வீட்டில் பேச்சே வரவில்லை. மாமி தலையில் வைத்துக் கொண்டுபோய் அவர் மனைவியிடம் கொடுத்தார். அவர் மனைவி அதை வாசலில் வைத்தபடியே விட்டிருந்தாராம். விதானையே வந்து உள்ளே எடுத்து வைக்கட்டும் என்று.

ஏஜென்சிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். கொழும்புக்குப் போவதற்குப் பாஸ் வேண்டும். எதற்கு என்று கேட்டான் சென்றியில். வெளிநாட்டுக்கு என்றேன். அன்றே தந்தான். அத்தனை வருடத்தில் கேட்ட அன்றே எனக்குப் பாஸ் கிடைத்தது அந்த ஒரு தரம்தான்.

சின்னவனுக்குப் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் பூசினேன். முதல் நாள் துப்பினான். அடுத்த நாள் கசப்போடு குடித்தான். மாமி அவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

போகிற அன்று புருஷன் துறை மட்டும் வந்தார். அதற்கு மேல் அவர் வர ஏலாது. தோணியில் ஏறுமுன் நெல்லைப் பற்றித்தான் பேசினோம். எலி பார்க்கச் சொன்னேன். விதைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் குற்றிக் கொடுங்கள் என்றேன். தலையாட்டினார்.

இரண்டு வருடத்துக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போனது மூன்றரை மூடை.